36 மணி நேரத்தில் அக்செப்டன்ஸ்: ஒரு பேப்பர் பப்ளிகேஷன் கடைக்கு என் ரிவ்யூ

அஞ்சுக்கு ஒரு ஸ்டார். பூஜ்யம் போட வழியில்லை என்பதால் ஒன்று.

காசு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரையை, அதாவது பேப்பரை, ஜர்னலில் போட்டுத் தருகிற கடை இது. பெயரைச் சொல்லப் போவதில்லை. போர்டை மாற்ற அவர்களுக்கு ஒரு நாள் போதும், அலைச்சல் எனக்குத்தான். கோயம்புத்தூர் காந்திபுரத்தில், கீழே ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் ஏறுகிற குறுகல் படி, மேலே ஏசி போட்ட இரண்டு அறை. முன்பு ஃபைனல் இயர் பையன்களுக்கு புராஜெக்ட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது தீசிஸ், பேட்டன்ட், 'ஸ்கோபஸ் பேப்பர்' (ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்ற ஜர்னலில் வருவது) என்று பெரிய சரக்கில் இறங்கிவிட்டார்கள்.

நான் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சிவில் டிபார்ட்மென்ட். பகுதி நேர பிஎச்டி, ஆறாவது வருஷம். தீசிஸ் கொடுக்க ஒரு பேப்பர் குறைகிறது, காலேஜ் அப்ரைசல் படிவத்திலும் அதே பேப்பருக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. பிஎச்டிக்கு பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியை விடவில்லை, மேனேஜ்மென்ட்டும் விடவில்லை. எந்த ஜர்னல் நல்லது என்று பார்க்க இருந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள், இனி அந்தந்த கல்வி நிறுவனமே தரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று. எங்கள் நிறுவனத்தில் தரம் பார்ப்பது என்றால் ஹெச்ஓடி 'ஸ்கோபஸாம்மா?' என்று கேட்பது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்பதற்கு முன். அதே பேப்பரை நான் ஏற்கெனவே ஒரு நல்ல ஜர்னலுக்கு அனுப்பியிருந்தேன். ஓர் அறிவியல் சங்கம் நடத்துவது, எழுதுகிறவரிடம் ஒரு பைசா வாங்காதது. நாலு மாதமாக 'அண்டர் ரிவ்யூ', அதாவது துறை தெரிந்த ரிவ்யூவர்களின் மதிப்பீட்டில் இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது. பொறுமை போய்த்தான் இந்தப் படி ஏறினேன். ஒரே பேப்பரை இரண்டு இடத்தில் கொடுப்பது தப்பு, அனுப்பும்போதே 'வேறு எங்கும் அனுப்பவில்லை' என்று டிக் அடித்துத்தான் அனுப்பியிருந்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

சரி, சர்வீஸுக்கு வருவோம். வரவேற்பு பிரமாதம். உட்கார்ந்ததும் டீ வந்துவிட்டது. அங்கே இருந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும், அவ்வளவு மரியாதை. "நீங்க டென்ஷன் ஆகாதீங்க மேடம், டேபிள் மட்டும் குடுத்தீங்கன்னா போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்ங்க." பேப்பரை நானே எழுதிவிட்டேன் என்று சொன்னதும் அவருக்கு லேசாக ஏமாற்றம், அந்த லைனில்தான் காசு அதிகம் போல. ரேட் 18,000, பாதி அட்வான்ஸ், ஜிபே. அப்புறம் குரலைத் தணித்து ஒன்று கேட்டார்: "கோ-ஆத்தர் ஸ்லாட் ரெண்டு காலியா இருக்குங்க மேடம், நாங்க ஆள் சேத்துக்கட்டுமா? உங்க ரேட் குறையும்." சினிமா டிக்கெட் மாதிரி பேசினார். வேண்டாம் என்று சொன்னேன். இந்த 'வேண்டாம்' என்ன ஆனது என்பது பின்னால்.

டெலிவரி வேகத்தில் குறையே சொல்ல முடியாது. புதன்கிழமை சாயங்காலம் கொடுத்தேன், வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்ஆப்பில் அக்செப்டன்ஸ் லெட்டர், கோல்டு கலர் முத்திரையோடு. 36 மணி நேரம். எங்கள் லேபில் கான்கிரீட் ஊற்றி மறுநாள் அச்சைக் கழற்றுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கூடவே 'ரிவ்யூவர் கமென்ட்ஸ்' என்று ஒரு பக்கம். மூன்று வரி. பேப்பர் நன்றாக இருக்கிறது. ஆங்கிலத்தை இன்னும் சரிசெய்யலாம். கீழ்க்கண்ட நாலு பேப்பரை ரெஃபரன்ஸில் சேர்க்கவும். என் பேப்பர் தென்னை நார் கலந்த கான்கிரீட் பற்றியது. சேர்க்கச் சொன்ன நாலில் இரண்டு கிளவுட் செக்யூரிட்டி, ஒன்று வாழை இலை நோயைக் கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடிப்பது, நாலாவது என்னவென்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நாலிலும் ஒரே ஆளின் பெயர் இருந்தது. யாரோ ஒருவருடைய சைட்டேஷன் கணக்கு (அவர் பேப்பரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பது) ஏற, என் கான்கிரீட்டில் வாழை இலையைக் கலக்கச் சொல்கிறார்கள்.

இந்த 36 மணி நேரம் அன்றைக்கே உறுத்தியிருக்க வேண்டும். 2012-ல் தென் கொரியாவில் தாவர மருந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் மாட்டியதே வேகத்தால்தான். உங்கள் பேப்பரை யார் மதிப்பிடலாம் என்று சில ஜர்னல்கள் எழுதியவரிடமே பெயர் கேட்கும். இவர் பெயர்களைக் கொடுத்து, ஈமெயில் மட்டும் தன்னிடமே வந்து சேர்கிற மாதிரி கொடுத்திருந்தார். தன் பேப்பருக்குத் தானே மதிப்பீடு எழுதி 24 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தப் பேராசிரியர் ஒரே நாளில் ரிவ்யூ அனுப்புகிறார் என்று எடிட்டருக்குச் சந்தேகம் வந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. 2017-ல் டியூமர் பயாலஜி என்ற ஜர்னல் இதே மாதிரி போலி மதிப்பீட்டுக்காக 107 பேப்பர்களை ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது.

அடுத்து அவர்களுடைய 'பிளேஜியரிசம் குறைப்பு' சேவை. இது பேக்கேஜிலேயே சேர்த்தி, கேட்காமலே செய்துவிட்டார்கள். என் பேப்பரில் எந்தக் காப்பியும் இல்லை, ஆனால் 'கம்ப்ரெசிவ் ஸ்ட்ரெங்த்' (அழுத்தத்தைத் தாங்கும் வலிமை) என்று எழுதினால் உலகத்தில் எழுதிய எல்லா கான்கிரீட் பேப்பரோடும் ஒத்துத்தானே போகும்? சாஃப்ட்வேரில் சதவீதம் குறைய, ஏதோ ஒரு மெஷினில் போட்டு வார்த்தைகளை மாற்றியிருக்கிறார்கள். 'கம்ப்ரெசிவ் ஸ்ட்ரெங்த்' போய் 'ஸ்க்வீஸிங் பவர்' ஆகிவிட்டது. 'கியூரிங்', அதாவது கான்கிரீட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவது, 'ஹீலிங்' ஆகிவிட்டது. 28 நாள் ஹீலிங். என் கியூப்கள், அதாவது சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டிகள், எல்லாம் ஜிஹெச்சில் அட்மிட் ஆகியிருந்தது மாதிரி. இதற்கு 'டார்ச்சர்ட் ஃப்ரேசஸ்' (சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள்) என்றே பெயர் வைத்து, கபானாக், லாபே, மகசினோவ் என்ற மூவர் 2021-ல் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்' (போலி உணர்வு) ஆகவும், 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'புஸம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகவும் அச்சிலேயே வந்திருந்தன, அதுவும் பெரிய பதிப்பகங்களின் ஜர்னல்களில். எடிட்டர், ரிவ்யூவர், புரூஃப் பார்ப்பவர் என்று எத்தனை பேர் கண்ணைத் தாண்டிப் போயிருக்கிறது பாருங்கள். ஒருவராவது படித்திருந்தால் நின்றிருக்கும்.

பேப்பர் 'வெளிவந்த' பிறகுதான் முழுக் கூத்தும் தெரிந்தது. லிங்க்கைத் திறந்தால் நாலு பெயர். நான், என் கைடு, அப்புறம் எனக்கு முன்னே பின்னே தெரியாத இரண்டு பேர். ஸ்லாட் நிரம்பிவிட்டது. ஃபோன் செய்தால் "ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிருச்சுங்க மேடம்" என்றார் அதே தம்பி, அதே மரியாதையோடு. அந்தப் பதற்றத்தில் டிஓஐ எண்ணை, ஒவ்வொரு பேப்பருக்கும் தனியாகக் கொடுக்கிற இணைய அடையாள எண்ணை, தேடினேன், அது எங்கேயும் திறக்கவில்லை. ஜர்னலின் பெயரைத் தனியாகத் தேடினால் அதே பெயர், அதே ஐஎஸ்எஸ்என் (ஜர்னலின் பதிவு எண்), ஆனால் வேறு முகவரியில் வேறு தளம். அதுதான் ஒரிஜினல். என் பேப்பர் வந்ததாகச் சொன்ன அதே வால்யூம், அதே பக்க எண்களில் அங்கே பாலத்தின் அதிர்வு பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள். நான் 18,000 கொடுத்து வாங்கியது ஒரு ஜர்னலின் டூப்ளிகேட். இப்படிக் களவாடப்பட்ட ஜர்னல்களுக்கென்றே ரிட்ராக்ஷன் வாட்ச் தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, இலவசம். பணம் கட்டும் முன் பார்த்திருந்தால் அஞ்சு நிமிஷ வேலை.

வாபஸ் வாங்க முயன்றேன். வித்ட்ராயல் ஃபீஸ் 7,000 என்றார்கள். வரும்போதும் டோல், போகும்போதும் டோல். கொடுக்க மாட்டேன் என்றதும் மரியாதை தீர்ந்துவிட்டது, என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். பேப்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த வியாபாரம் காந்திபுரத்து மாடியோடு முடிகிற விஷயம் இல்லை. 2013-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு புற்றுநோய் பேப்பர் தயாரித்து, இல்லாத ஆட்கள், இல்லாத நிறுவனங்கள் பெயரில் 304 ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்கிற) ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன, 98 தான் மறுத்தன. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைகூட கண்டுபிடித்துவிடும் என்கிற அளவுக்குத்தான் அதில் தப்பு வைத்திருந்தார். ஐதராபாத்தின் ஓமிக்ஸ் என்ற ஜர்னல் பதிப்பகத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, 2019-ல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி தீர்ப்பே வந்தது. சரி, இவையெல்லாம் சில்லறைக் கடைகள் என்பீர்கள். ஹிந்தாவி என்ற ஜர்னல் பதிப்பகத்தை 2021-ல் வைலி விலைக்கு வாங்கியது, வைலி உலகத்தின் பெரிய பதிப்பகங்களில் ஒன்று. 2023 ஒரே வருஷத்தில் அந்த ஹிந்தாவி ஜர்னல்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஸ்பெஷல் இஷ்யூ என்று கதவைத் திறந்து விட்டார்கள், கெஸ்ட் எடிட்டர் என்ற பெயரில் யார் யாரோ உள்ளே வந்து காசுக்குப் போலிப் பேப்பர் தயாரித்து விற்கிற 'பேப்பர் ஆலைகளின்' சரக்கை இறக்கிவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்த நாலு மாத 'அண்டர் ரிவ்யூ' ஜர்னல். என் கடைப் பேப்பர் வெளிவந்து மூன்று வாரம் கழித்து அங்கிருந்து மெயில் வந்தது. நிராகரிப்பு. ஆனால் இரண்டு ரிவ்யூவர்களின் குறிப்பும் இருந்தது, முதலாமவருடையது அரைப் பக்கம், இரண்டாமவருடையது இரண்டரைப் பக்கம். அந்த இரண்டரைப் பக்கத்தை என் டேபிள் 3 மேல் விரலை வைத்து ஆரம்பித்திருந்தார்.

என்னுடைய பேப்பரின் முக்கியமான முடிவு, ஒரு சதவீதம் தென்னை நார் கலந்தால் கான்கிரீட்டின் தாங்கு வலிமை 10 சதவீதம் கூடுகிறது என்பது. நார் இல்லாததற்கு சராசரி 30, நார் கலந்ததற்கு 33. நார் கலந்த மூன்று கியூப்களின் தனித்தனி அளவுகளையும் டேபிளில் கொடுத்திருந்தேன்: 29, 30, 40. ரிவ்யூவர் கேட்டது ஒரே கேள்வி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதிப்படி ஒரு கியூபின் அளவு சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 40 என்பது 33-லிருந்து 21 சதவீதம் தள்ளி இருக்கிறது, அதை ஏன் வைத்துக்கொண்டீர்கள்? அதை எடுத்துவிட்டால் சராசரி 29.5, அதாவது நாரே போடாததைவிடக் குறைவு, அப்படியானால் உங்கள் முடிவு என்ன?

படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த 40 எனக்குப் புதிதில்லை. மெஷினில் அந்த கியூப் உடையும்போது லேப் அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "மேடம், இது ஒரு மாதிரி இருக்கு, இன்னொரு செட் வார்த்துப் பாத்துரலாமா?" என்றார். இன்னொரு செட் என்றால் இன்னும் 28 நாள். டைம் இல்லைண்ணா என்று சொல்லி எழுதிக்கொண்டு போய்விட்டேன். பெயர் தெரியாத ஒருவர், எந்த ஊரோ, சம்பளமில்லாமல் உட்கார்ந்து, நான் கண்ணை மூடிக்கொண்ட அதே இடத்தில் வந்து நிற்கிறார். கடைக்காரர்கள் 18,000 வாங்கிக்கொண்டு பார்க்காததை இவர் இலவசமாகப் பார்த்திருக்கிறார்.

இந்த சர்வீஸுக்கு அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது தாமதத்துக்காக. வேறு வேலை வந்துவிட்டதென்றால் ரிவ்யூவர் ஒரு வரி எழுதிச் சொல்லிவிட வேண்டும், பேப்பரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பதும் தப்புதான். காத்திருக்கிறவருக்கு அது வேலை, இன்கிரிமென்ட், சில சமயம் கல்யாணம். இந்தத் தாமதம்தான் மாடிக்கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது. முதலாம் ரிவ்யூவரின் அரைப் பக்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, அதில் பாதி கமா பற்றியது.

எடிட்டருக்கு நடந்ததை எழுதினேன். இன்னொரு இடத்தில் கொடுத்தது, அது போலி ஜர்னல் என்று தெரிந்தது, எல்லாவற்றையும். எழுத மூன்று நாள் ஆனது. இரண்டு வரியில் பதில் வந்தது: சொன்னதற்கு நன்றி, இது எங்கள் பதிவில் இருக்கும், புதிய சோதனை முடிவுகளோடு மறுபடி அனுப்பலாம், ஆனால் அது புதிய பேப்பராகத்தான் கருதப்படும். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து அதே ஜர்னலிலிருந்து எனக்கு ஒரு பேப்பரை ரிவ்யூ செய்யச் சொல்லி மெயில். தேங்காய் ஓடு கலந்த கான்கிரீட். இங்கேதான் மறுபக்கம் தெரிந்தது. மூன்று சாயங்காலம் போனது. என் சொந்த வேலைக்கு மிக நெருக்கமான தலைப்பு, நிறுத்தி வைத்தால் எனக்கு லாபம் என்று மனசு ஒரு கணம் கணக்குப் போட்டதையும் மறைக்க விரும்பவில்லை. நாலாவது படமும் ஏழாவது படமும் வேறு வேறு மிக்ஸ் என்று போட்டிருந்தார்கள், ஆனால் விரிசல் ஒன்றுதான், தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். வலது மூலையில் யாருடைய கட்டைவிரலோ தெரிந்தது, ஏழாவது படத்தில் அதே விரல் இடது மேல் மூலையில். விரலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். 2016-ல் எலிசபெத் பிக் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 20,621 உயிரியல் மருத்துவப் பேப்பர்களின் படங்களைக் கண்ணாலேயே பார்த்துச் சலித்தார்கள், 3.8 சதவீதத்தில் இப்படிப் பிரச்சினைக்குரிய படங்கள் இருந்தன. 'ஃபிராடு' என்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் அது என் வேலையில்லை. இரண்டு படமும் ஒன்றுபோல் இருக்கிறது, மூலப் படங்களைக் கேட்டுப் பாருங்கள் என்று எடிட்டருக்குத் தனிக் குறிப்பு மட்டும் எழுதினேன், எழுதியவர் அவசரத்தில் ஃபைல் மாற்றி வைத்திருக்கலாம், நான் செய்யாத அவசரமா?

ஸ்டாஃப் ரூமில் ஒரு சக ஆசிரியர் சொன்னார், எதுக்குங்க கஷ்டம், பேப்பரை சாட்ஜிபிடியில போட்டா ரிவ்யூ அதுவே எழுதிக் கொடுத்துரும்ல என்று. இன்னும் வெளிவராத, அடுத்தவர் நம்பிக் கொடுத்த பேப்பர் அது, அதை இன்னொரு கம்பெனி சர்வரில் ஏற்றக் கூடாது என்று எல்செவியர் மாதிரி பதிப்பகங்கள் எழுத்திலேயே போட்டிருக்கின்றன. எழுதுகிறவர்கள் சளைத்தவர்களா? 2025-ல் சில பேப்பர்களில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'நல்ல விதமாக மட்டும் மதிப்பிடு' என்று மெஷினுக்கு ஒளித்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. திருடனும் போலீஸும் இரண்டு பேரும் மெஷினாகிவிட்டார்கள்.

காசு விஷயத்தில் மட்டும் ஒரு புலம்பல். எழுதுவது நாம், மதிப்பிடுவது நாம் இலவசமாக, படிக்க மட்டும் காசு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஜர்னல்களுக்கு மூன்று வருஷத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியிருப்பது 6,000 கோடி ரூபாய். எனக்கு அந்த மூன்று சாயங்காலத்துக்கு வந்தது ஒரு நன்றி மெயில், பிடிஎஃப் சர்டிஃபிகேட். அப்ரைசல் படிவத்தில் அதைப் போட ஒரு கட்டம்கூட இல்லை.

லேப் அண்ணனோடு சேர்ந்து மறுபடி வார்த்தோம், இந்தத் தடவை ஆறு கியூப். சராசரி 29-க்கும் கீழே. நார் போட்டால் வலிமை கூடவில்லை, ஆனால் உடையும்போது சட்டென்று சிதறாமல் நாரோடு பிடித்துக்கொண்டு நிற்கிறது, உண்மையில் அதுதான் எழுத வேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது. எழுதி அனுப்பியிருக்கிறேன், இப்போது அண்டர் ரிவ்யூ.

போன வாரம் ஒரு மெயில். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலேஜில் ஃபைனல் இயர் படிக்கும் பையன், கூகுள் ஸ்காலரில் தேடி அந்தக் கடைப் பேப்பரைப் பிடித்திருக்கிறான். 'மேம், உங்க பேப்பர்படியே 1% நார் போட்டோம், 28 நாள் ஹீலிங்கும் பண்ணிட்டோம். ஸ்ட்ரெங்த் ஏறவே மாட்டேங்குது. கியூப் வார்த்ததுல நாங்க என்ன தப்பு பண்ணினோம்னு சொல்ல முடியுமா?'

தப்பு உங்களுடையது இல்லை தம்பி என்று பதில் போட்டு, 29, 30, 40 டேபிளையும் புதிய ஆறு கியூபின் அளவுகளையும் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் திரும்பி எழுதினான்: 'தேங்க்ஸ் மேம். அப்ப எங்க ரிப்போர்ட்ல உங்க பேப்பரை ரெஃபரன்ஸா போடணுமா, வேணாமா?'

இன்னும் பதில் எழுதவில்லை.